அறுத்தெடுத்த கட்டி ஆய்வுக்குப் போக வேண்டும்

இமையில் கட்டி வந்தால் தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் (போடி) பக்கம் முதலில் சொல்லப்படும் காரணம் உடம்புச் சூடு. நாமக்கட்டியை உரைத்துப் பற்றுப் போடுவார்கள், வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம் கொடுப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து. பெரும்பாலான கண்கட்டிகள் இந்த அளவிலேயே வடிந்துவிடுகின்றன என்பதால் இந்த வழக்கத்தின் மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை. வடியாதவற்றை மருத்துவர் சின்னதாகக் கீறிச் சுரண்டி எடுத்துவிடுகிறார், அதுவும் சரியான சிகிச்சைதான். ஆனால் வடியாமல் நிற்கிற, அல்லது அறுத்த பிறகும் அதே இடத்தில் திரும்ப வருகிற கட்டிகளில் மிகச் சில, கட்டியே அல்ல. அவை இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் தோன்றும் புற்று. மருத்துவர்கள் இதை செபேசியஸ் கார்சினோமா என்கிறார்கள். அரிய நோய்தான், ஆனாலும் நம் நாட்டில் இது நடந்துகொள்ளும் விதத்தைக் கணக்கில் எடுத்தால் ஒரு விதியை இனியும் தள்ளிப்போட முடியாது என்பது என் கருத்து. நாற்பது வயதைத் தாண்டிய எவருடைய இமையிலிருந்து அறுத்தெடுக்கப்படும் கட்டியும், பார்க்க எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும், சதைப் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஒரே இடத்தில் இரண்டாம் முறை வந்த கட்டியென்றால் வயதே பார்க்க வேண்டியதில்லை.

இந்தப் புற்று ஏன் இவ்வளவு எளிதாகக் கண்ணை ஏமாற்றுகிறது என்பதற்கு விடை அது பிறக்கும் இடத்திலேயே இருக்கிறது. இமைக்கு விறைப்பைத் தருகிற தகட்டுக்குள் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. 1666இல் ஹைன்ரிச் மெய்போம் என்ற ஜெர்மானிய மருத்துவர் இவற்றை விவரித்ததால் மெய்போமியன் சுரப்பிகள் என்று பெயர். மேல் இமையில் முப்பது, நாற்பது இருக்கும், கீழ் இமையில் அதைவிடக் குறைவு. கண்ணீர் சட்டென்று ஆவியாகிவிடாமல் காப்பது இவை கசியவிடும் எண்ணெய்தான். ஒரு சுரப்பியின் வாய் அடைபட்டு எண்ணெய் உள்ளே தேங்கினால் உடல் அதை அயல்பொருளாகக் கருதி வீக்கம் காட்டுகிறது. கலேசியன் எனப்படும் வலியில்லாத கண்கட்டி அதுதான். புற்று தோன்றுவதும் இதே சுரப்பியில், அல்லது இமைமயிர்க் காலை ஒட்டியிருக்கும் சைஸ் சுரப்பியில். கலேசியனும் புற்றும் பெரும்பாலும் தோலுக்கு அடியில், தகட்டுக்குள், வலியில்லாமல், உருண்டையாக, மெல்ல வளர்கின்றன. சுரப்பிகள் மிகுதியாக இருக்கும் மேல் இமையில்தான் இந்தப் புற்றும் அதிகம் வருகிறது. வித்தியாசங்கள் உண்டு. கலேசியனைக் கீறினால் கூழ் போன்ற பொருள் வழியும், புற்றாக இருந்தால் மஞ்சள் கலந்த வெண்மையில் கெட்டியான, உதிரும் தன்மையுள்ள திசு வரும். புற்று இருக்கும் இடத்தில் இமைமயிர் உதிர்ந்துபோகலாம், இமை விளிம்பு தடித்துத் தன் நேர்க்கோட்டை இழக்கலாம். இவை எல்லாம் தெரிகிற கட்டத்தில் சந்தேகப்படுவது எளிது. சிக்கல் அதற்கு முந்தைய கட்டத்தில்தான்: வெறும் உருண்டையாக இருக்கும்போது அனுபவமுள்ள கண்ணுக்கும் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

அதைவிடக் கடினமான இன்னொரு வேடமும் இதற்கு உண்டு. சிலருக்குக் கட்டியே வருவதில்லை. ஒரு கண் மட்டும் மாதக்கணக்கில் சிவந்து, இமை விளிம்பு செதில் கட்டி, பீளை தள்ளிக்கொண்டிருக்கும். கண்வலி என்று நினைத்து மருந்து போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தென்றால் சிவப்பு சற்றுக் குறைந்து, குணமாகிறது என்ற எண்ணத்தையும் கொடுத்துவிடும். உள்ளே நடப்பது வேறு. புற்றணுக்கள் தனித்தனியாகவும் சிறு கூட்டங்களாகவும் இமையின் மேல்தோலுக்குள்ளும், கண்ணின் வெள்ளைப் பகுதியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுக்குள்ளும் ஊர்ந்து பரவுகின்றன. ஏலச்செடியின் கிழங்கு மண்ணுக்கடியில் ஓடிச் சற்றுத் தள்ளிச் சிம்பு விடுவதைப் போல, இடையில் ஆரோக்கியமான திசுவை விட்டுவிட்டு வேறோர் இடத்தில் தலைகாட்டும். இதனால்தான் கட்டியை மட்டும் சுற்றி அறுத்துவிட்டு முடிந்தது என்று சொல்ல முடிவதில்லை. சுற்றிலும் சில மில்லிமீட்டர் நல்ல திசுவையும் சேர்த்து எடுத்து, விளிம்புகளை நுண்ணோக்கியில் பார்த்து, கண் சவ்வின் பல இடங்களிலிருந்து சிறு துணுக்குகள் எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கிறது. தாமதமானால் காதுக்கு முன்னால் இருக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் பின்பு கழுத்துக்கும் போகிறது, அங்கிருந்து நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் போகக்கூடும். கண்குழிக்குள் இறங்கிவிட்டால் பல நேரங்களில் கண்ணையும் சுற்றியுள்ள திசுவையும் முழுதாக அகற்றுவதைத் தவிர வழியிருக்காது.

நேரம் இந்த நோயில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. 1982இல் அமெரிக்க ராணுவ நோய்க்குறியியல் நிலையத்தின் ஆய்வாளர்கள் 104 நோயாளிகளை ஐந்தாண்டுத் தொடர் விவரங்களோடு ஆராய்ந்தார்கள். அறிகுறி தொடங்கி ஆறு மாதங்களுக்கு மேல் ஆனவர்கள், கட்டி பத்து மில்லிமீட்டரைத் தாண்டியவர்கள், இரு இமைகளிலும் பரவியவர்கள் ஆகியோருக்கு முடிவு மோசமாக இருந்தது. பத்து மில்லிமீட்டர் என்பது ஒரு சென்டிமீட்டர்தான். பழைய மருத்துவப் பதிவுகளில் இந்த நோயில் இறந்தவர்களின் பங்கு அச்சம் தருவதாகவே இருந்தது. 2004இல் ஃபிலடெல்ஃபியாவின் வில்ஸ் கண் மருத்துவமனை தாங்கள் சிகிச்சையளித்த 60 பேரைப் பற்றி எழுதியபோது இறந்தவர்கள் 6 விழுக்காடு. இந்தக் குறைவுக்குப் புதுமருந்து எதையும் பெரிதாகக் காரணம் காட்ட முடியாது. நோயை முன்கூட்டியே சந்தேகப்பட்டார்கள், திசுவைச் சரியாக ஆராய்ந்தார்கள், விளிம்பு சுத்தமாகும்வரை அறுத்தார்கள். இவை மூன்றும் தேனி, மதுரை வட்டாரத்தில் செய்ய முடியாதவை அல்ல. மூன்றில் முதலாவதுதான் இங்கே ஓட்டை.

இந்தியாவில் இதற்குத் தனி அழுத்தம் வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. மேலை நாடுகளில் இமையில் வரும் புற்றுகளில் பத்தில் ஒன்பது அளவுக்கு பேசல் செல் கார்சினோமா என்ற வகை. அது வெயிலோடு தொடர்புடையது, மெதுவாக அரிக்கும், வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிக அபூர்வம். எண்ணெய்ச் சுரப்பிப் புற்றின் பங்கு அங்கே நூற்றில் ஐந்தைத் தாண்டுவது கடினம். ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை 500க்கும் மேற்பட்ட இமைப் புற்று நோயாளிகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட கட்டுரையில், பாதிக்கும் மேலானவர்களுக்கு இருந்தது எண்ணெய்ச் சுரப்பிப் புற்று. இந்த எண்ணை அவசரப்பட்டு வாசிக்கக் கூடாது. நம் தோலின் கருமை வெயிலிலிருந்து காப்பதால் பேசல் செல் வகை இங்கே குறைவு, அதனால் மீதியுள்ளதன் பங்கு தானாகவே பெரிதாகத் தெரியும். பங்கு பெரிது என்பதாலேயே ஊரெங்கும் இந்த நோய் பரவிக்கிடக்கிறது என்று முடிவு கட்டினால் அது பொய்யான பயம். ஆனால் போடியில் ஒரு மருத்துவர் முன்னால் ஒருவர் வந்து உட்காரும்போது அவர் முடிவெடுக்க வேண்டிய கேள்விக்கு இந்தப் பங்குதான் விடை சொல்கிறது. இந்தக் கட்டி புற்றாக இருக்கும் பட்சத்தில் அது எந்த வகையாக இருக்கும்? மேலைநாட்டுப் பாடநூலை நம்பினால், மெதுவாக வளரும், பரவாத வகை, பொறுத்துப் பார்க்கலாம். நம் நாட்டுக் கணக்கை நம்பினால், கணுவுக்குப் பரவக்கூடிய வகை, பொறுக்கக் கூடாது. பயன்படுத்த வேண்டியது இரண்டாவது கணக்கு.

ஏலமலைச் சரிவில் வேலை செய்பவர்களுக்கு இந்தப் பொறுத்துப் பார்க்கும் காலம் மற்றவர்களைவிட நீளும். போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து விடிவதற்குள் ஜீப் பிடித்து, போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குப் போய், காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறவர்களில் பெரும்பகுதி பெண்கள், நடுவயதினரும் அதைத் தாண்டியவர்களும் நிறைய. அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு காலையில் நடக்கிறது, ஜீப்பும் காலையில்தான். வலிக்காத ஒரு உருண்டைக்காக ஒருநாள் கூலியை விடுவதற்கு யாருக்கும் மனம் வராது. அதோடு ஏலத்துக்கு த்ரிப்ஸ் பூச்சிக்கும் தண்டு துளைப்பானுக்கும் அடிக்கடி மருந்தடிக்கிறார்கள். கண் எரிச்சலும் சிவப்பும் அங்கே புதிதல்ல என்பதால், ஒரு கண் மட்டும் மாதக்கணக்கில் சிவந்திருந்தாலும் மருந்து வாடை என்று சொல்லி விட்டுவிடுவதற்கு வாய்ப்பு அதிகம். இதை எழுதும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பூச்சிமருந்து இந்தப் புற்றை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை. மலையில் பூச்சிமருந்தின் மேல் வைக்க வேண்டிய குற்றச்சாட்டுகள் தனியாக இருக்கின்றன, இதையும் அந்தக் கணக்கில் ஏற்றினால் வாதம் பலவீனப்படும். தாமதத்துக்கு அது ஒரு சாக்காகிறது என்பது மட்டுமே இங்கே பொருத்தமானது. தோட்டத்தில் மருத்துவ வசதி தரவேண்டும் என்று 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் பின்னால் ஏலத்தோட்டங்களையும் தனக்குள் கொண்டுவந்தது. ஆனால் தினமும் மலையேறி இறங்குகிற, இன்று ஒரு தோட்டம் நாளை இன்னொன்று என்று மாறுகிற கூலிக்கு அந்த ஏற்பாடு எட்டுவதில்லை. அவர்களுக்கான வழி அவர்கள் ஊரில்தான் அமைய வேண்டும்.

எதிர்வாதங்களில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நூறு கண்கட்டிகளை அறுத்தால் தொண்ணூற்றொன்பதும் சாதாரணம்தானே, எல்லாவற்றையும் ஆய்வுக்கு அனுப்புவது வீண்செலவு என்பது அது. கனடாவின் மான்ட்ரியலில் கலேசியன் என்று நினைத்து அறுக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிகளை நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வு ஒன்று 2004இல் வந்தது. சுமார் நூற்றுக்கு ஆறு கட்டிகள் வேறு ஏதோவாக இருந்தன, புற்றோ அதன் முன்னிலையோ ஆனது நூற்றில் ஒன்றுக்குச் சற்றே மேல். எதிர்வாதம் செய்பவர்கள் இதைத் தங்கள் பக்கத்துச் சான்றாகக் காட்டலாம். நான் இதை மறுபக்கமிருந்து வாசிக்கிறேன். தேர்ந்த மருத்துவர் பார்த்து, சந்தேகமில்லை என்று தீர்மானித்த பிறகும் நூற்றில் ஒன்று தப்பிப்போகிறது என்றால், கண்ணால் பார்த்து மட்டும் பிரிப்பது போதாது. தப்பிய அந்த ஒன்றின் விலை ஒரு கண், சில நேரம் உயிர். எதிர்த்தட்டில் இருப்பது ஃபார்மலின் ஊற்றிய ஒரு சிறு புட்டியும், தனியார் ஆய்வகத்தில்கூடச் சில நூறு ரூபாயில் தொடங்கும் கட்டணமும். மேலும் நான் கேட்பது எல்லாக் கட்டியையும் அல்ல. பத்து வயதுப் பையனுக்கு முதல்முறை வந்த கட்டியை அனுப்ப வேண்டிய தேவை மிகக் குறைவு. இந்த நோய் பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல் வருவது, நம் நாட்டில் அதைவிட இளையவர்களிடமும் காணப்படுவதால் நாற்பதில் கோடு போடச் சொல்கிறேன். அந்தக் கோட்டுக்கு மேலே அறுவை வரை வரும் கட்டிகள் ஒரு தாலுகாவில் ஆய்வகத்தைத் திணறடிக்கும் அளவுக்கு இருக்காது.

இரண்டாவது எதிர்வாதம் ஆய்வகத்தைப் பற்றியது. மாவட்டத்தில் நோய்க்குறியியல் மருத்துவர்கள் குறைவு, அவர்களுக்கும் இது அன்றாடம் பார்க்கும் நோயல்ல, அனுப்பினாலும் தவறாக வாசித்துவிட்டால் என்ன பயன் என்கிறார்கள். இந்தக் கவலை நியாயமானது. நுண்ணோக்கியிலும் இந்தப் புற்று தன் வேடத்தைக் கலைப்பதில்லை. பேசல் செல் வகையாகவோ ஸ்க்வாமஸ் செல் என்ற வேறொரு புற்று வகையாகவோ வாசிக்கப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இலக்கியத்தில் நிறைய உண்டு. இதற்கு ஒரு காரணம், புற்றணுவுக்குள் இருக்கும் எண்ணெய்த் துளிகள்தான் அதன் அடையாளம், ஆனால் வழக்கமான முறையில் திசுவைப் பதப்படுத்தும்போது எண்ணெய் கரைந்துபோய் வெற்றுக் குமிழிகளே மிஞ்சுகின்றன. எண்ணெயை நேராகச் சாயமேற்றிப் பார்க்க வேண்டுமானால் பதப்படுத்தாத திசு வேண்டும், அது சிறிய ஊரில் நடைமுறைக்கு ஒத்துவராது. ஆனால் தீர்வு இருக்கிறது. அனுப்பும் படிவத்தில் மருத்துவர் வெறுமனே இமைக் கட்டி என்று எழுதாமல், எத்தனை மாதமாக, எந்த இமை, எத்தனையாவது முறை, இமைமயிர் உதிர்ந்ததா, எண்ணெய்ச் சுரப்பிப் புற்று இல்லை என்று உறுதி செய்யவும் என்று எழுதினால் வாசிப்பவரின் கண் தேட வேண்டியதைத் தேடும். ஐயம் எழுந்தால் அதே திசுக்கட்டையை மதுரைக்கு அனுப்பி இரண்டாவது கருத்தும் சிறப்புச் சாயச் சோதனையும் கேட்கலாம். மெழுகில் பதித்த திசு ஆண்டுக்கணக்கில் கெடாது. இதில்தான் என் வாதத்தின் உயிர்நாடி இருக்கிறது. தவறாக வாசித்த திசுவை மறுபடி வாசிக்கலாம், குப்பைத் தொட்டிக்குப் போன திசுவை என்ன செய்தும் மீட்க முடியாது.

புற்று என்ற சொல்லைக் கேட்டாலே மக்கள் பயந்து மருத்துவமனைப் பக்கமே வரமாட்டார்கள் என்ற பேச்சும் உண்டு. சோதனை எல்லோருக்கும் பொது என்று ஆகும்போதுதான் அந்தப் பயம் குறையும். நாற்பது தாண்டிய எல்லோருக்கும் செய்வதுதான் என்று செவிலியர் சொன்னால் அதில் திகிலுக்கு இடமில்லை. தேர்ந்தெடுத்துச் சிலருக்கு மட்டும் செய்வதே சந்தேகத்தைக் கிளப்புகிறது.

இதைச் செய்து காட்டத் தேவையான அமைப்பு தேனி மாவட்டத்தில் ஏற்கனவே நன்றாக முன்னேறியிருக்கிறது என்பது இங்கே நம்பிக்கை தரும் செய்தி. மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி பதினோரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1985இல் தேனியில் கிளை திறந்தது. 2000களின் நடுவில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, நெடுந்தூர வைஃபை மூலம் தேனி மருத்துவமனையையும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் பார்வை மையங்களையும் இணைத்து, ஊரில் இருப்பவரின் கண்ணை மருத்துவர் தேனியிலிருந்தே பார்க்கும் முறையை இந்த மண்ணில்தான் முதலில் சோதித்துப் பார்த்தார்கள். க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வீடுவீடாகப் போகிறார்கள். 2023 ஜூனில் போடிக்கு மறுபடியும் ரயில் வந்ததால் மதுரைக்குப் போய்வரும் செலவும் அலைச்சலும் குறைந்திருக்கின்றன. இவ்வளவும் இருக்க, புதிதாகக் கட்ட வேண்டியது எதுவுமில்லை. வீட்டுக்கு வரும் தன்னார்வலர் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும்: ஒரே கண்ணில் ஒரு மாதத்துக்கு மேல் போகாத கட்டியோ சிவப்போ இருக்கிறதா? இருந்தால் பார்வை மையத்துக்குச் சீட்டு. மருந்துக்கடைகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரே கண்ணுக்காக மூன்றாம் முறை சொட்டு மருந்து கேட்டு வருபவருக்கு மருந்தைக் கொடுப்பதற்குப் பதில் வழியைக் காட்டலாம். ஜீப் திரும்பிய பிறகும் பார்க்கும்படி வாரத்தில் ஒரு மாலையாவது போடியில் அரசு கண் பிரிவு இயங்க வேண்டும், இது இல்லாமல் மற்றதெல்லாம் ஏட்டளவில் நின்றுவிடும்.

கண்டுபிடித்த பிறகு கேட்க வேண்டிய ஒரு கேள்வியும் அடிக்கடி விட்டுப்போகிறது. எண்ணெய்ச் சுரப்பிக் கட்டிகள் சிலரிடம் ஒரு பரம்பரைக் கோளாறின் வெளிப்பாடாக வருகின்றன. 1967இல் மியூரும் 1968இல் டோரேயும் தனித்தனியாக விவரித்ததால் மியூர்-டோரே நோய்க்குறி என்று பெயர் பெற்றது அது. மரபணுவில் நேரும் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் புரதங்கள் சரியாக வேலை செய்யாத குடும்பங்களில் பெருங்குடல், கருப்பைப் புற்றுகளோடு சேர்ந்து தோலில் இந்தக் கட்டிகளும் வருகின்றன. இமையைவிட உடலின் மற்ற இடங்களில் வரும் கட்டிகளுக்கே இந்தத் தொடர்பு அதிகம் என்றாலும், இளம்வயதில் வந்தவரிடமும், குடும்பத்தில் குடல், கருப்பைப் புற்று கண்டவர்களிடமும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். ஒருவரின் இமையில் அறுத்த திசுவைச் சோதித்ததால் அவருடைய தங்கைக்கோ மகனுக்கோ குடல் சோதனையை முன்கூட்டியே செய்து, இன்னொரு புற்றைத் தொடக்கத்திலேயே பிடிக்க முடியும்.

கடைசியாக, முடிவு வந்த பிறகு என்ன நடக்கிறது என்பது. ஆய்வறிக்கை வர ஒரு வாரம் ஆகும். கட்டி போய்விட்டது, வலியும் இல்லை, தோட்டத்தில் காய் முற்றி நிற்கிறது, அந்தத் தாளை வாங்க யார் திரும்பி வருவார்கள்? அறிக்கையைத் தேடி நோயாளி வர வேண்டும் என்ற ஏற்பாடு மலைக்குப் போகும் கூலிக்குப் பொருந்தாது. புட்டியை அனுப்பும்போதே நோயாளியின் கைப்பேசி எண்ணோடு வீட்டில் இருக்கும் இன்னொருவரின் எண்ணையும் பதிவேட்டில் எழுதி, புற்று என்று வந்தால் அன்றே அழைத்துச் சொல்லும் கடமை அறுத்த மருத்துவமனைக்கு இருக்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடுத்த அறுவைக்கு என்ன செய்வது என்பதையும் அதே அழைப்பில் சொல்லிவிடலாம். அறுத்த கட்டிகள் எத்தனை, அனுப்பியவை எத்தனை, முடிவு சொல்லப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று மாவட்ட சுகாதார அலுவலகம் மூன்று மாதத்துக்கொரு முறை அந்தப் பதிவேட்டைப் பார்க்கட்டும். ஐந்தாண்டு இப்படி நடந்தால் தேனி மாவட்டத்துக்கென்று ஒரு கணக்கு கையில் இருக்கும். நாற்பது என்ற வயதுக் கோட்டை மேலே தள்ளலாமா, கீழே இறக்க வேண்டுமா என்பதை அப்போது ஹைதராபாத்தையோ மான்ட்ரியலையோ பார்த்து ஊகிக்க வேண்டியிருக்காது.